பிள்ளையின் குரல் எங்கே போயிற்று?

கோடை விடுமுறையில் ஒரு மாலை. அடுப்பில் குழம்பு கொதித்துக் கொண்டிருந்தது. மாடியறையிலிருந்து என் மகன் கத்தினான்: "அம்மா, நான் பேசுதது அவனுக்குக் கேக்கவே மாட்டேங்கும்மா!"

'அவன்' கொழும்பிலிருக்கும் என் அக்கா மகன். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் தோணிக் காலத்து உறவு. 2006-ல் இங்கிருந்து மவுண்ட் லவினியாவுக்குக் கடலடியில் கேபிளே போட்டார்கள். எங்கள் பிள்ளைகளோ கம்ப்யூட்டரில் சேர்ந்து விளையாடி, 'டிஸ்கார்டு' வழியாகப் பேசி உறவை வளர்க்கிறார்கள்.

என் கணவர் ரூட்டரை அணைத்துப் போட்டார். புதிது வாங்கவும் கிளம்பிவிட்டார். நான்காம் நாள் பார்த்தால், பிள்ளை தலையணையில் முகம் புதைத்துக் கிடக்கிறான். "தினமும் மைக் சரியில்லன்னு சாக்குச் சொல்லுதேனாம். வேற பசங்களோட சேந்துட்டான்மா." 'விளையாட்டுத்தானே!' என்று இருந்த எனக்குச் சுருக்கென்றது.

பக்கத்து வீட்டுப் பெண் கம்ப்யூட்டர் படிக்கிறாள். வந்ததும் ஒரே கேள்வி கேட்டாள்: "அவன் பேசுதது ஒனக்குக் கேக்கா?"

"நல்லாக் கேக்கு."

"அப்போ லைன்ல கோளாறு இல்ல, அத்தை. ஒங்க மைக்லதான்."

செட்டிங்ஸில் போய்ப் பார்த்தாள். மைக்ரோஃபோன் அனுமதி அணைக்கப்பட்டிருந்தது. அணைத்தது யார்? நான்தான்! முன்பின் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுக்கிறார்கள் என்று படித்த பயத்தில், அவனிடம் சொல்லாமல் அணைத்துவிட்டு, மறந்தும் போனேன்.

அவள் சொல்லித் தந்ததை உங்களுக்கும் சொல்கிறேன். கிட்டே இருப்பதிலிருந்து தொடங்கித் தூரத்துக்குப் போக வேண்டும்.

1. நம் குரல் மட்டும் போகவில்லையா? ஹெட்செட்டின் மியூட் பொத்தான், மைக் அனுமதி, எந்த மைக் தேர்வாகியிருக்கிறது என்ற மூன்றையும் பாருங்கள்.

2. குரல் விட்டுவிட்டு வருகிறதா? வை-ஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் தடித்த சுவரைத் தாண்டத் திணறும். 2.4 தூரம் போகும். புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலையில் குறுக்கிடும். ரூட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைக்காதீர்கள். ஒயர் இணைப்பு உத்தமம்.

3. எழுதும் செய்தி போகிறது, பேச்சு மட்டும் இணையவே இல்லையா? 'நோ ரூட்' என்று காட்டுகிறதா? வி.பி.என். இருந்தால் அணையுங்கள். குரல் செல்லும் 'யு.டி.பி.' வழியைச் சில வி.பி.என்.களும் ஃபயர்வால்களும் அடைத்துவிடும். பிறகு ரூட்டரை அரை நிமிஷம் அணைத்துப் போடுங்கள்.

4. எல்லோருக்கும் தடுமாறுகிறதா? அந்தப் பேச்சு அறையை நிர்வகிப்பவர் 'ரீஜன்' என்ற இடத்தில் வேறு ஊர் சர்வரை மாற்றிப் பார்க்கலாம். அதற்கும் மசியாவிட்டால் கோளாறு அவர்கள் பக்கம், காத்திருப்பதே வழி.

அன்றிரவு மகனிடம் உண்மையைச் சொன்னேன். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லாம்மா?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கொழும்புக்கு நானே பேசி, "தப்பு சித்தி மேலதான்" என்று சொன்னேன். மறுநாள் மாடியில் பழைய கூச்சல்!

பயம் போய்விடவில்லை. அதனால் மூன்று ஒப்பந்தங்கள்: தெரிந்தவர்களோடு மட்டும் பேச்சு, கதவு திறந்திருக்க வேண்டும், யாராவது தப்பாகப் பேசினால் உடனே என்னிடம் சொல்ல வேண்டும். பதிமூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கு டிஸ்கார்டில் இடமில்லை என்பதையும் தாய்மார்கள் நினைவில் வையுங்கள்.

என் பங்குக்கு நான்காவது ஒப்பந்தம் ஒன்று உண்டு: எதை அணைத்தாலும் அவனிடம் சொல்லிவிட்டுத்தான் அணைப்பேன்.