கல்லையே காட்டும் நண்பரை வெல்வது எப்படி?

தங்காக்கில் லேடாங் மலை தெரியும் ஏதாவது ஒரு திடலில் நின்று பாருங்கள். பூப்பந்தில் முதல் அடி யாருக்கு என்ற வாக்குவாதம் 'ஒன் டூ சோம்' என்ற குரலோடு முடிந்துவிடும். கல் பறவையை அடிக்கும், பறவை தண்ணீரைக் குடிக்கும், தண்ணீரில் கல் மூழ்கும். மற்ற நாடுகளில் இதையே கல், காகிதம், கத்தரி என்று ஆடுகிறார்கள். கணக்கு ஒன்றுதான்.

இந்த ஆட்டத்தில் தோற்காமல் இருக்க ஒரு வழி உண்டு. மூன்றையும் சம அளவில், எந்த ஒழுங்கும் இல்லாமல் காட்டினால், எதிரில் இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நீண்ட ஆட்டத்தில் உங்களை விஞ்ச முடியாது. இத்தகைய பாதுகாப்பான வழி இருவர் ஆடும் இதுபோன்ற ஆட்டங்களுக்கு எப்போதும் இருக்கும் என்பதை ஜான் வான் நியூமன் 1928இல் நிரூபித்தார்.

ஆனால் இதில் ஒரு குறை இருக்கிறது. எதிராளி எவ்வளவு மோசமாக ஆடினாலும், இந்த வழியில் உங்களுக்கு லாபமும் கிடைக்காது. 1999இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டார்ஸ் பில்லிங்ஸ், கல்-காகிதம்-கத்தரி ஆடும் கணினி நிரல்களுக்கு ஒரு போட்டி வைத்தார். வேண்டுமென்றே சில பலவீனமான நிரல்களையும் அதில் சேர்த்தார். அப்படிச் சேர்த்துவிட்டால், பாதுகாப்பாக மட்டுமே ஆடும் நிரல் பட்டியலின் நடுவில்தான் நிற்கும். மேலே வர, பலவீனரைக் கண்டுபிடித்துப் புள்ளிகளைப் பறிக்க வேண்டும்.

நம் திடலுக்கு வருவோம். உங்கள் நண்பருக்குக் கல் மேல் ஆசை. பாதி முறை கல், கால்வாசி பறவை, கால்வாசி தண்ணீர் என்று காட்டுகிறார். நீங்கள் 120 சுற்றும் தண்ணீரையே காட்டினால் 60 வெற்றி, 30 தோல்வி, 30 சமன். நிகர லாபம் 30.

நண்பர் முட்டாள் இல்லையே! பத்துப் பன்னிரண்டு சுற்றில் விழித்துக்கொண்டு பறவைக்கு மாறினால், அதன் பிறகு ஒவ்வொரு சுற்றும் அவருக்கே. அவருடைய பழக்கத்தைப் பிடிக்கப் போய் நீங்களே ஒரு பழக்கத்தில் மாட்டிக்கொள்கிறீர்கள்.

இடையில் ஒரு வழி இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், ஒரு பங்கு கல், பறவையே வேண்டாம். (கல் பிரியரிடம் பறவையை அனுப்புவது அதற்குச் செய்யும் அநியாயம்.) 80 தண்ணீரில் 20 புள்ளி லாபம், 40 கல்லில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆக, 30க்குப் பதில் 20. ஆனால் நண்பர் எப்படி மாறினாலும் 120 சுற்றில் உங்கள் சராசரி நட்டம் 40ஐத் தாண்டாது. தண்ணீரை மட்டுமே நம்பியிருந்தால் 120ஐயும் இழந்திருக்கலாம். பத்துப் புள்ளியை விட்டுக்கொடுத்து வாங்கிய இந்தக் காப்புறுதி மலிவு என்றே எனக்குப் படுகிறது.

நண்பர் உண்மையிலேயே கல் பிரியர்தானா? இரண்டாம் படிவத்தில் படிக்கும் 'கெபாராங்காலியான்', அதாவது நிகழ்தகவு, இங்கேதான் கைகொடுக்கிறது. ஆறு சுற்றில் நான்கு கல் வந்ததும் முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு சார்பும் இல்லாமல் ஆடுபவருக்கும் நான்கோ அதற்கு மேலோ கல் வர ஏறக்குறைய பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. 60 சுற்றில் 30 கல் வந்தால் கதை வேறு. அது தற்செயலாக நடக்க நூற்றில் ஒரு வாய்ப்புகூட இல்லை. விகிதம் சிறியதுதான், ஆனால் சுற்றுகள் அதிகம்.

போக்கர் சீட்டாட்டத்திலும் இதே இழுபறிதான். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் தூமாஸ் சாண்ட்ஹோம், நோம் பிரவுன் இருவரும் உருவாக்கிய லிப்ராட்டஸ் என்ற நிரல், 2017 ஜனவரியில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களுடன் 1,20,000 ஆட்டங்கள் ஆடி வென்றது. எதிராளியின் பலவீனத்தைத் தேடுவது அதன் வேலையாக இல்லை. தன் ஆட்டத்தில் எந்த ஓட்டையை அவர்கள் குறிவைக்கிறார்கள் என்று பார்த்து, இரவோடு இரவாக அதை அடைத்துக்கொண்டது. வல்லவர்களிடம் அது சரி. பலவீனரிடம் அப்படி ஆடினால் வெற்றி வரலாம், ஆனால் கிடைக்கக்கூடிய லாபம் முழுவதும் வராது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஓய்வு நேரத்தில் நண்பருடன் 60 சுற்று ஆடி, அவர் காட்டியதைக் குறித்து வையுங்கள். அதன் பிறகு கைக்கடிகாரத்தின் வினாடியை மூன்றால் வகுங்கள். மீதி வராவிட்டால் கல், வந்தால் தண்ணீர். மனம் போன போக்கில் கலந்தால் நம்மை அறியாமலேயே ஓர் ஒழுங்கு புகுந்துவிடும், அதனால்தான் கடிகாரம். குறிப்பேட்டை மட்டும் நண்பர் கண்ணில் காட்டாதீர்கள். பார்த்துவிட்டால் அடுத்த சுற்றிலேயே பறவை பறந்து வரும்.