புகையும் பொதுவிடமும்: மக்கள் மனம் மாறிய கதை

"நான் புகைப்பது என் சொந்த விடயம்" என்கிறார் ஒருவர். "அந்தப் புகையை என் பிள்ளையும் சுவாசிக்கிறதே" என்கிறார் மற்றவர். இடம்பெயர்ந்து, பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழ நேரும்போது இந்த வாக்குவாதம் அடிக்கடி எழுவதை நாம் அறிவோம். இதில் சட்டம் தலையிடலாமா? தலையிட்டால் மக்கள் ஏற்பார்களா? அயர்லாந்து நாட்டின் அனுபவம் இதற்கு நல்ல விளக்கம் தருகிறது.

மாலையில் மதுபானசாலையில் கூடிப் பேசிப் புகைப்பது அந்நாட்டவரின் நெடுநாளைய வழக்கம். ஆயினும் 2004 மார்ச் 29ஆம் திகதி முதல் மதுபானசாலை, உணவகம் உட்பட மூடிய வேலைத்தலங்கள் ஏறத்தாழ அனைத்திலும் புகைத்தல் தடைசெய்யப்பட்டது. நாடு முழுவதற்கும் இத்தகைய சட்டத்தை முதலில் கொண்டுவந்த நாடு அதுவே. அங்கு வேலை செய்யும் தொழிலாளி பிறருடைய புகையால் நோயாளியாகக் கூடாது என்பதே சட்டத்தின் நோக்கம். வியாபாரம் விழுந்துவிடும் என்று மதுபானசாலை உரிமையாளர் பலர் எதிர்த்தனர்.

சட்டத்திற்கு முன்னும் பின்னும் புகைப்பவர்களிடமே கருத்துக் கேட்கப்பட்டது. மதுபானசாலைகளில் முழுத்தடை வேண்டும் என்றோர் முன்பு நூற்றுக்கு 13 பேர். ஓராண்டு நிறையுமுன் 46 பேர். உணவகங்களைப் பொறுத்தவரை 45 பேர் 77 பேராகினர். சட்டம் நல்லதே என்று 83 வீதமான புகைப்பவர்கள் கூறினர்.

இம்மாற்றம் ஏன்? அச்சட்டம் எவரையும் புகைத்தலை விட்டுவிடும்படி கட்டளையிடவில்லை. வெளியே சென்று புகைக்கும்படியே கேட்டது. ஒருவருக்கு ஒரு விதி, இன்னொருவருக்கு வேறு விதி என்றும் இருக்கவில்லை. சட்டத்திற்கு முன் மக்கள் சொன்னது பயத்தில் பிறந்த அபிப்பிராயம். பின் சொன்னது அனுபவத்தில் பிறந்தது.

இலங்கையிலும் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், மக்கள் கூடும் மூடிய இடங்களில் புகைப்பதைத் தடைசெய்கிறது. பெரிய ஹோட்டல்கள் போன்ற சிலவற்றுக்கே விலக்கு உண்டு. ஆனால் சேலையாலும் தறப்பாளாலும் பிரித்த குடிசைக்குள் சட்டத்தைவிட அயலவரின் உடன்பாடே பயன் தரும். ஆகவே நாம் செய்யக்கூடியவை:

1. எல்லோரையும் கூட்டிப் பேசுவோம். சுருட்டுப் புகைக்கும் முதியவர்களையும், பிள்ளைத்தாய்ச்சிகளையும் தவறாது அழைப்போம்.

2. முன்பள்ளி, பொதுச் சமையலறை, மருந்து கொடுக்கும் இடம், கூட்ட மண்டபம் ஆகியவற்றைப் புகையற்ற இடங்களாக்குவோம்.

3. புகைப்போருக்குக் கிடுகுக்கும் தறப்பாளுக்கும் எட்டத்தில், நிழலுள்ள ஓரிடம் ஒதுக்குவோம். தீ விபத்தும் தவிரும்.

4. வெளியிலிருந்து வரும் உத்தியோகத்தர்களுக்கும் எமக்கும் அதே விதிதான்.

5. மூன்று மாதம் கழிய, எல்லோரிடமும் மீண்டும் கருத்துக் கேட்போம்.

முதற் கூட்டத்தில் எதிர்ப்பு வந்தால் மனம் தளர வேண்டாம். அயர்லாந்திலும் நூற்றுக்கு 13 பேரில்தான் தொடங்கியது.