படம் வரைந்தது நீங்கள்... உரிமை யாருக்கு?

ஒரு காப்பிக் கடையின் உணவுப் பட்டியலுக்குப் படம் வரைந்து தருகிறீர்கள். 300 வெள்ளி கிடைக்கிறது.

சில மாதங்களில் அதே படம் டி-சட்டையில் விற்பனைக்கு வருகிறது. கேட்டால், "அதான் காசு கொடுத்தாச்சே!" என்கிறார்கள்.

அப்படிச் சொல்ல முடியுமா?

முடியாது. சிங்கப்பூரில் தனித்தொழில் செய்யும் ஓவியர் பணம் வாங்கி வரைந்தாலும், பதிப்புரிமை அவருக்கே. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால்தான் அது மாறும்.

புகைப்படம், உருவப்படம் போன்றவற்றுக்கு முன்பு நிலைமை தலைகீழ். காசு கொடுத்தவருக்குத்தான் உரிமை. 2021 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த புதிய சட்டம் அதை மாற்றியது. படைப்பைப் பொதுவில் பயன்படுத்துவோர் படைப்பாளரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பதும் அதில் வந்ததுதான்.

சம்பளத்துக்கு வேலை பார்க்கிறீர்களா? வேலைக்காக வரைந்தது பொதுவாக முதலாளிக்குச் சொந்தம்.

ஆக, கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் "அனைத்து உரிமைகளும்" என்ற சொற்கள் இருக்கிறதா என்று பாருங்க. இருந்தால் விலையும் அதற்கேற்ப இருக்கணும். உணவுப் பட்டியலுக்கு ஒரு விலை, டி-சட்டைக்கு இன்னொரு விலை. இப்படிக் கேட்பது பேராசை இல்லை. இந்தத் தொழிலில் அதுதான் வழக்கம்.

பணமே வரலையா? 20,000 வெள்ளி வரையிலான தொகைக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை. வழக்கறிஞர் தேவையில்லை, ஆனால் 2 ஆண்டுக்குள் போகணும். வாட்ஸ்அப் உரையாடலை அதுவரை அழிச்சிடாதீங்க.