ஃபேமிலி போட்டோவுக்கு என்ன டிரஸ் போடலாம்? பாட்டி புடவையில் இருந்து தொடங்குங்க!

அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கம் ஒரு குடும்பம் மொத்தமாக நின்று போட்டோ எடுப்பது லேசான வேலை இல்லை. அனல்மின் நிலையம், துறைமுகம், கும்மிடிப்பூண்டி சிப்காட் என்று வீட்டுக்கு ஒருத்தராவது ஷிஃப்டில் இருப்பார். எல்லாருக்கும் லீவு அமையும் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக, முந்தின வாரமே ரயிலேறி வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் போய் ஒரே துணியில் 'ஃபேமிலி காம்போ' வாங்கி வருகிறவர்கள் உண்டு. செலவும் ஆச்சு, படமும் வந்தாச்சு. பார்த்தா யூனிஃபார்ம் மாதிரி இருக்கு! தப்பு எங்கே?

முதல்ல யாருக்கு டிரஸ் பார்க்கணும்?

வீட்டில் வயதில் மூத்தவருக்கு. காரணம் சங்கடமானதுதான், ஆனா சொல்லியாகணும். தாத்தா, பாட்டியை தனியா நல்லா எடுத்த படம் நிறைய வீடுகளில் இருக்காது. இருப்பது ஆதார் அட்டை படம்தான். அவங்க காலத்துக்குப் பிறகு, மாலை போட்டு சுவரில் மாட்டவும், கண்ணீர் அஞ்சலி பேனருக்கும் இந்தக் குடும்பப் படத்தில் இருந்துதான் முகத்தை வெட்டி எடுப்போம்.

அதனால் பாட்டிக்கு விறைப்பான புதுப் பட்டு வேண்டாம். அவங்க ஆசையா கட்டுற புடவையே போதும். கணவரை இழந்த சில பாட்டிகள் "எனக்கு எதுக்கும்மா போட்டோ" என்று ஒதுங்குவாங்க. அவங்களை நடுவில் உட்கார வையுங்க. கலர் புடவையா, வெளிர் நிறமா என்பதை அவங்களே சொல்லட்டும். தோள் மேல யாரும் கை போடாம இருந்தா, பிறகு வெட்டி எடுக்கவும் சுலபம்.

மற்றவர்களுக்கு எப்படி மேட்ச் பண்றது?

அந்தப் புடவையில் இருக்கும் இரண்டு, மூன்று நிறங்களைப் பிரிச்சுக் கொடுங்க. மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர்னா, பேரனுக்கு அரக்கு சட்டை, அப்பாவுக்கு சந்தன நிற சட்டையும் வேட்டியும், அம்மாவுக்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம். பெரிய டிசைன் ஒருத்தர் உடம்பில் மட்டும் இருக்கட்டும். பாதி பேருக்கு பீரோவில் இருப்பதே போதும்.

கேமராவுக்கு எது ஆகாது?

பொடிக் கட்டம், நெருக்கமான கோடு போட்ட சட்டைகள். துணியின் கோடும் கேமரா சென்சாரின் புள்ளி வரிசையும் மோதும்போது, சட்டையில் இல்லாத அலைகள் படத்தில் தெரியும். 'மோய்ரே' என்பாங்க. எல்லாருமே வெள்ளையில் வந்தா, ஆட்டோ மோடில் இருக்கும் கேமரா வெளிச்சம் அதிகம்னு நினைச்சு குறைக்கும், முகம்தான் கறுக்கும். பளிச் பச்சை வெயிலில் தாடையடியில் எதிரொளிக்கும். ஸ்டுடியோவில் பச்சைத் திரை போட்டு பின்னணி மாத்துறாங்கன்னா பச்சை சட்டை கூடவே கூடாது. திரையோடு சேர்ந்து சட்டையும் காணாமப் போகும்!

நம்ம தாத்தா காலத்து ஸ்டுடியோக்களிலும் இந்தத் தலைவலி இருந்தது. அந்நாளைய கறுப்பு வெள்ளை பிளேட்டுகளில் பலவற்றுக்கு சிவப்பு நிறமே உறைக்காது. அரக்குப் பட்டு கிட்டத்தட்ட கறுப்பாகவும், நீலம் வெளுத்தும் பதிவாகும். பழைய கல்யாணப் படத்தில் பொண்ணு கறுப்புப் புடவை கட்டியிருக்காங்களேன்னு குழம்பியிருந்தா, அது அரக்காக இருந்திருக்கலாம். தமிழ்நாட்டின் இப்படிப்பட்ட பழைய ஸ்டுடியோ படங்களை பிரிட்டிஷ் நூலக உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடி, டிஜிட்டலில் பிரதி எடுத்து வைத்திருக்கிறது.

முன்கூட்டியே சோதிக்க முடியுமா?

முடியும். இரண்டு நாள் முன்னாடி, போட வேண்டிய துணிகளை எல்லாம் வாசல் வெளிச்சத்தில் ஒரே பாயில் பரப்பி மொபைலில் படம் எடுங்க. அதைக் கறுப்பு வெள்ளையாக மாத்திப் பாருங்க. எல்லாம் ஒரே சாம்பலா தெரிஞ்சா, ஒன்றிரண்டை மாத்தணும்.

எண்ணூர் கடற்கரைப் பக்கம் எடுக்கிறதா இருந்தா காற்று பலமா இருக்கும், முந்தானைக்கு பின் குத்துங்க. சட்டைப் பையில் போன், கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு இருக்கான்னு பாருங்க. குழந்தைக்கு கடைசியா டிரஸ் மாத்துங்க. படத்தை வாட்ஸ்அப்பில் மட்டும் வாங்கிட்டு வராதீங்க, அது படத்தைச் சுருக்கிடும். ஒரிஜினல் ஃபைலை பென் டிரைவில் கேட்டு வாங்குங்க. பாட்டி முகத்தை பெரிசாக்க அதுதான் வேணும்.