திரைப்படிமமும் வரலாற்றுச் சான்றும்: ‘அக்டோபர்’ திரைப்படத்தை முன்வைத்து

1917 நவம்பர் 7 இரவு, பெத்ரோகிராத் நகரின் குளிர்கால அரண்மனையைப் போல்ஷெவிக்குகள் முற்றுகையிட்டு, விடியுமுன் கைப்பற்றினர். பழைய உருசிய நாட்காட்டியில் அந்நாள் அக்டோபர் 25 ஆகும். புரட்சியின் பத்தாம் ஆண்டு நினைவாக உருவாகி 1928இல் வெளியான ‘அக்டோபர்’ திரைப்படம், அந்நிகழ்வைப் பெருந்திரளின் பாய்ச்சலாகக் காட்டுகிறது. ஐசன்ஸ்டீனும் அலெக்சாந்திரோவும் அதனை இயக்கினர். உண்மையில், அரண்மனைக் காவலர் பலர் முன்னரே விலகிச் சென்றிருந்தனர்; உயிரிழப்பும் சொற்பமே. எழுச்சியை வழிநடத்தியோருள் முதன்மையானவரான திரொத்ஸ்கி 1927இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டதால், அவர் தோன்றிய காட்சிகள் வெட்டப்பட்டன. ஆயினும், பிற்காலத்தில் இப்படத்தின் காட்சிகள் 1917இன் ஆவணப் பதிவுகளாகவே எடுத்தாளப்பட்டன. எனவே இப்படம் 1917ஆம் ஆண்டு நிகழ்வுக்குச் சான்றன்று. அந்நிகழ்வு எவ்வாறு நினைவுகூரப்பட வேண்டும் என 1927இன் அரசு விரும்பியது என்பதற்கே சான்றாகும்.