குழந்தையுடன் மலையேற்றம்: நிலையற்ற வானிலையில் பெற்றோர் திட்டமிட வேண்டியவை

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பகுதிகளிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலை வழியாக ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் செல்லும் குடும்பங்கள் பெரும்பாலும் பள்ளி விடுமுறையை ஒட்டியே புறப்படுகின்றன. காலாண்டு விடுமுறை தென்மேற்குப் பருவமழையின் இறுதியிலும், அரையாண்டு விடுமுறை வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் வருகின்றன. கோடை விடுமுறையிலோ பிற்பகல் இடிமழை உண்டு. ஆகவே மழை வருமா என்று கேட்பதைவிட, மழை வந்தால் குழந்தையை எவ்வாறு காப்பது, எந்த நிலையில் திரும்புவது என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்வது நல்லது.

பெற்றோர் பலர் அஞ்சுவது பாம்பையும் வழுக்கிவிழுதலையும். குளிரைப் பற்றி அவர்கள் அவ்வளவாக எண்ணுவதில்லை. தமிழ்நாட்டில் என்ன குளிர் என்பதே பொதுவான நினைப்பு. ஏலகிரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சுமார் 6 பாகை செல்சியஸ் குறையும். இதனுடன் நனைந்த ஆடையும் காற்றும் சேரும்போது உடல் வெப்பக்குறைவு ஏற்பட உறைபனி தேவையில்லை. உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கும் நிலையையே இவ்வாறு கூறுகிறோம்.

குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோற்பரப்பு பெரியவரைவிட அதிகம். அதனால் வெப்பத்தை விரைவாக இழக்கிறது. முதுகில் தூக்கிச் செல்லப்படும் குழந்தைக்கு ஆபத்து இன்னும் கூடுதல். சுமப்பவர் நடந்து வியர்த்துக்கொண்டிருப்பார்; குழந்தையோ அசைவின்றி, காற்றும் தூறலும் படக் குளிர்ந்துகொண்டிருக்கும். தமக்குக் குளிரவில்லை என்பதால் குழந்தைக்கும் குளிராது என்று கருதலாகாது. அரை மணிக்கு ஒருமுறை அதன் வயிற்றையும் பிடரியையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அவ்விடங்கள் சில்லிட்டிருந்தால் அப்போதே நின்று உலர்ந்த உடை மாற்ற வேண்டும்.

நடுக்கம் முதல் அறிகுறி. அதன்பின் குழந்தை தடுமாறும், பேச்சு குழறும், காரணமின்றிச் சிணுங்கும். பிறகு அமைதியாகி உறக்கத்தில் ஆழும். உடல் சூடேறாமலே நடுக்கம் நின்றுவிடுவது முன்னேற்றமன்று. நிலை மோசமடைவதன் அடையாளம். களைத்துத் தூங்குகிறது என்று விட்டுவிடுவது இங்கேதான் நிகழ்கிறது. ஈர உடைகளை முழுவதும் களைந்து, துடைத்து, தலைக்குக் குல்லாய் அணிவித்து, பெரியவர் ஒருவரின் வெற்று மார்போடு அணைத்துப் போர்வையால் சுற்றுங்கள். நன்றாக விழித்திருந்தால் இளஞ்சூடான இனிப்புப் பானம் தரலாம். கைகால்களைத் தேய்த்தல், வெந்நீர்ப் பையை நேரடியாகத் தோலில் வைத்தல் இரண்டும் கூடாது. மயக்க நிலையிலுள்ள குழந்தையின் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். குளிருக்காகக் கூடாரத்தினுள் கரியடுப்போ எரிவாயு அடுப்போ வைப்பது உயிரைப் பறிக்கும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

வானிலை முன்னறிவிப்பைப் பார்க்கும்போது சென்னைக்கோ திருவள்ளூருக்கோ உரியதைப் பார்த்துவிட்டுப் புறப்படுவோர் உண்டு. பார்க்க வேண்டியது செல்லும் மாவட்டத்திற்குரிய எச்சரிக்கை; ஏலகிரி என்றால் திருப்பத்தூர். இந்திய வானிலை ஆய்வுத் துறை இவற்றை மாவட்டவாரியாக வெளியிடுகிறது. ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை இருப்பின் பயணத்தை ஒத்திவையுங்கள். மஞ்சள் எச்சரிக்கை இருந்தால் கூடாரத்தைத் தவிர்த்து, கட்டடத்தினுள் அறை எடுத்துத் தங்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையை மழைக்கால இரவில் கூடாரத்தில் தங்கவைக்க, எச்சரிக்கை எதுவும் இல்லாத நாளிலும், நான் பரிந்துரைப்பதில்லை.

மலைநடைக்கு விடியற்காலையில் கிளம்பி நண்பகலுக்குள் தங்குமிடம் திரும்பிவிட வேண்டும். கோடை இடிமழை பெரும்பாலும் அதன்பிறகே வரும். உச்சியை அடையாவிட்டாலும் குறித்த நேரத்தில் திரும்புவது என்பதைக் குழந்தையிடமும் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். பாதி வழியில் எழும் அழுகை பெரியவர்களின் முடிவை மாற்றிவிடக்கூடும். இடியோசை கேட்டாலே மின்னல் தாக்கும் தொலைவில் இருக்கிறோம் என்று பொருள். மரத்தடியும் கூடாரமும் பாதுகாப்பல்ல. கட்டடமோ மூடிய காரோதான் புகலிடம். கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடம் அங்கேயே இருக்க வேண்டும்.

ஓடை, அருவி ஆகியவற்றில் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் நம்பக் கூடாது. நீர் பெருகுவது மேலே எங்கோ பெய்த மழையால். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது, அவன் உயிரிழந்தான். நீர் கலங்குவதும், சருகும் குச்சியும் மிதந்து வருவதும், இரைச்சல் கூடுவதும் கண்டவுடன் கரையேறி உயரமான இடத்திற்குச் செல்லுங்கள்.

வறண்ட காலத்திற்கு வேறு ஆபத்து உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினருள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சென்னையிலிருந்து சென்றோரும் அவர்களுள் அடங்குவர். வனத்துறை அனுமதியின்றிக் காப்புக்காட்டினுள் நுழைவது குற்றம்; விபத்து நேர்ந்தால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது எவருக்கும் தெரியாது என்பதே அதைவிடக் கவலைக்குரியது.

ஆஸ்துமா உள்ள குழந்தைக்குக் குளிர்ந்த காற்றும் ஏற்றமும் மூச்சிரைப்பைத் தூண்டலாம். நிவாரண இன்ஹேலரும் ஸ்பேசரும் காரில் அன்று, நடப்பவரின் பையில் இருக்க வேண்டும். வலிப்பு நோய்க்கு மருந்து உட்கொள்ளும் குழந்தை ஒரு வேளையும் தவறவிடலாகாது. உறக்கக்குறைவும் வலிப்பைத் தூண்டும் என்பதால் நள்ளிரவுவரை நெருப்பு மூட்டி விழித்திருக்கும் கொண்டாட்டம் அக்குழந்தைக்கு ஏற்றதன்று. காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையை அழைத்துச் செல்ல வேண்டாம். முன்பணம் கட்டிவிட்டோம் என்பது மருத்துவக் காரணம் ஆகாது.

பையில் நீர்புகாத உறையிலிட்ட இரண்டு செட் உலர்ந்த உடை, கம்பளிக் குல்லாய், ரெயின்கோட், டார்ச், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், கொதிக்கவைத்த குடிநீர் ஆகியன இருக்கட்டும். பருத்தி உடை நனைந்தால் உலர நேரமாகும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே உள்ளது, கைப்பேசி அலைவரிசை எதுவரை கிடைக்கும் என்பதை உள்ளூர் மக்களிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

வீடு திரும்பியபின் மூன்று வாரங்கள்வரை கவனம் தேவை. புதர்களில் வாழும் நுண்ணிய பூச்சியின் இளம்பருவம் கடிப்பதால் ஸ்க்ரப் டைஃபஸ் எனும் காய்ச்சல் வருகிறது. வேலூர் வட்டாரத்தில் இது மருத்துவர்கள் நன்கறிந்த நோய். மழைக்காலத்தில் காய்ச்சல் என்றதும் டெங்கு என்றே அனைவரும் எண்ணுவர். மலையில் தங்கியதை நீங்கள் சொல்லாவிட்டால் மருத்துவருக்கு இந்த ஐயம் எழாமற்போகலாம். அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம் ஆகிய இடங்களில் சிகரெட் சுட்டது போன்ற, வலியில்லாத கருநிறப் பொருக்கு உள்ளதா எனப் பாருங்கள். பொருக்கு இல்லாமலும் நோய் இருக்கக்கூடும். தக்க நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தை விரைவில் தொடங்கினால் பெரும்பாலும் ஓரிரு நாட்களிலேயே காய்ச்சல் தணியும். தாமதித்தால் நுரையீரலும் மூளையும் பாதிக்கப்படலாம். காய்ச்சல் கண்டதும் பூந்தமல்லி அரசு மருத்துவமனைக்கோ உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ சென்று, எந்த மலைக்கு, எந்தத் தேதியில் சென்றீர்கள் என்பதை முதலில் கூறுங்கள்.