போகாத ஊருக்குக் கட்டும் கப்பம்!

ஷாப்பிங் மால் வாசலில் ஒரு கூப்பனைப் பூர்த்தி செய்து பெட்டியில் போடுகிறீர்கள். மூன்றாம் நாள் போன். “சார், உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு. மேடத்தையும் கூட்டிக்கிட்டு வந்து வாங்கிக்கணும்.” போனால் ஏ.சி. ஹால், காபி, மலைவாசஸ்தலங்களின் வண்ணப் படங்கள். இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வரும்போது கையில் ஒரு டிராவல் பேக். கூடவே 25 வருட ஒப்பந்தம்.

என் பெரியப்பா வீட்டுக்கு டிராவல் பேக் வந்த கதை இதுதான். பேக்கின் ஜிப் எப்போதோ போய்விட்டது. ஒப்பந்தம் மட்டும் அசையவில்லை. போன மாதம் போனபோது, பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினார். உள்ளே இந்த வருடத்துக்கான நோட்டீஸ். வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., போன வருட நிலுவை, தாமத வட்டி. கடைசி இரண்டு வரிகளின் கீழே சிவப்பு பால்பாயின்ட்டில் கோடு போட்டிருந்தார்.

“பெரியம்மாவுக்கு முட்டிவலி வந்ததிலிருந்து நாங்க மலைப்பக்கமே போகலைப்பா. போகாத ரூமுக்கு எதுக்குடா வாடகை?”

நியாயமான கேள்விதான். ஆனால் அது வாடகை அல்ல என்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

பங்கு போட்ட அறை

ஓர் அறையை வாரங்களாகப் பிரித்துப் பலருக்கு விற்பதுதான் டைம்ஷேர். 1960-களில் ஐரோப்பாவில் தொடங்கிய இந்த யோசனை 1980-களில் இங்கே வந்தது. 1986-ல் தொடங்கப்பட்ட ஸ்டெர்லிங் நிறுவனம் கொடைக்கானலில் இதற்கு அடித்தளம் போட்டது. 1996-ல் மஹிந்திரா ஹாலிடேஸ் வந்தது. இரண்டுமே சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்தவை. எனவே இது நம் ஊர் நடுத்தரக் குடும்பங்களுக்கு நன்றாகவே பழக்கமான வியாபாரம்.

உறுப்பினர் முதலில் கட்டுவது சேரும் தொகை. அதைத் தவணையாகக் கட்டி முடித்துவிடலாம். பராமரிப்புக் கட்டணத்துக்கு ஒப்பந்தம் முடியும்வரை முடிவில்லை. நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் ரிசார்ட்டுக்கு வாட்ச்மேன் வேண்டும். மழைக்காலத்தில் கூரை ஒழுகும். சுவரில் பூஞ்சை படரும். லிஃப்ட், ஜெனரேட்டர், சொத்து வரி, இன்ஷூரன்ஸ், ஊழியர் சம்பளம் எல்லாம் உண்டு. இந்தச் செலவு உறுப்பினர்கள் தலையில் பிரிகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில், வெளிநாட்டில் இருப்பவரும் மாதப் பராமரிப்புத் தொகை கட்டுகிறாரே, அந்தக் கணக்குதான். பாதிப் பேர் கட்டாமல் விட்டால் பாரம் மீதிப் பேர் மேல் விழும். இதுவரை நிறுவனங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஏறிக்கொண்டே போகும் கணக்கு

எவ்வளவு ஏற்றலாம், யாரைக் கேட்டு ஏற்றுவது என்பதில்தான் தகராறு. குடியிருப்பு என்றால் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று வரவு செலவு கேட்கலாம். இங்கே பெரும்பாலும் நிறுவனமே கட்டணத்தை நிர்ணயிக்கிறது. உறுப்பினர் கைக்கு வருவது பில் மட்டும்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் வருடக் கட்டணம் 15,000 ரூபாய், ஆண்டுக்கு 7 சதவீத உயர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடத்தில் கட்டணம் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். 25-வது வருடம் 76,000 ரூபாய். மொத்தமாகக் கூட்டினால் சுமார் 9.5 லட்சம். ஜி.எஸ்.டி. சேர்த்தால் 11 லட்சத்தைத் தாண்டும். ஏ.சி. ஹாலில் பேரம் பேசியது சேரும் தொகையைப் பற்றி மட்டும். இந்த 11 லட்சத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

கட்டாவிட்டால்?

இந்தியாவில் விற்கப்படுபவை பெரும்பாலும் தங்கும் உரிமை தரும் உறுப்பினர் திட்டங்கள்தான். கட்டடம் உங்கள் பெயரில் பதிவாவதில்லை. ஆகவே நிலுவை வைத்தால் முதலில் புக்கிங் நிற்கும், வட்டி ஏறும், கடைசியில் உறுப்பினர் தகுதி போகும். கட்டிய பணம் எவ்வளவு திரும்பும் என்பதை ஒப்பந்தம்தான் சொல்லும்.

அமெரிக்காவில் நிலைமை இன்னும் கடுமை. ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் பல டைம்ஷேர்கள் பத்திரம் பதிவான சொத்து. கட்டணம் நின்றால் அந்தச் சொத்தின் மீதே உரிமை கோரி ஏலத்துக்குக் கொண்டுபோக முடியும். சராசரி ஆண்டுக் கட்டணம் அங்கே ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. பல்லாயிரம் டாலர் கொடுத்து வாங்கியதை ஒரே டாலருக்குத் தள்ளிவிட விளம்பரம் செய்பவர்கள் உண்டு. வாங்குபவருக்கு அந்த வருடக் கட்டணம் காத்திருக்கிறதே!

ஸ்பெயின் இதற்கு ஒரு கடிவாளம் போட்டது. 1998-ல் வந்த சட்டம் டைம்ஷேருக்கு அதிகபட்சம் 50 ஆண்டு என்று வரம்பு வைத்தது. அதைப் பின்பற்றாத, முடிவே இல்லாத ஒப்பந்தம் செல்லாது என்று 2015-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. கைகொடுப்பது 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற கருத்தை அது முதல்முறையாக வரையறுத்தது. அந்தப் புகாரை மாநில ஆணையத்தில்தான் தொடுக்க வேண்டும். அறை கிடைக்கவில்லை, சேவையில் குறை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையமே போதும். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வெளியேற நினைப்பவர் பில்லைக் கிழித்துப் போட்டுவிட்டு அமைதியாக இருப்பது தவறு. வட்டி ஓடிக்கொண்டிருக்கும். உறுப்பினர் தகுதியை ஒப்படைக்க விரும்புவதாகப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். நிலுவை விவரத்தை எழுத்தில் கேளுங்கள். அறை கேட்டு மறுக்கப்பட்ட தேதிகளின் ஆதாரம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். “உங்கள் மெம்பர்ஷிப்பை விற்றுத் தருகிறோம், முன்பணம் மட்டும் அனுப்புங்கள்” என்று வரும் போனை உடனே வைத்துவிடுங்கள். இதே மோசடியில் மெக்சிகோவின் போதைக் கும்பல்களே இறங்கியிருப்பதாக அமெரிக்க அரசு எச்சரித்திருக்கிறது.

பெரியப்பாவின் ஒப்பந்தத்தை அன்று நான் உட்கார்ந்து படித்தேன். பொடி எழுத்தில் பல பக்கங்கள். ‘நிறுவனம் அவ்வப்போது நிர்ணயிக்கும் கட்டணம்’ என்ற வரி அதில் இருந்தது. கீழே அவருடைய அழகான கையெழுத்தும் இருந்தது. கையெழுத்திட்ட பிறகும் மனம் மாறினால் திரும்பப் பெற 10 நாள் அவகாசம் என்றும் ஓரிடத்தில் போட்டிருந்தது. அதை அவர் அன்றுதான் முதல்முறையாகக் கேள்விப்பட்டார்.

அடுத்த முறை மாலிலிருந்து போன் வந்தால் போங்கள், காபி குடியுங்கள், பரிசையும் வாங்கிக்கொள்ளுங்கள். “ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு வருகிறேன்” என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். ‘இந்தச் சலுகை இன்றைக்கு மட்டும்தான்’ என்று பதில் வந்தால், பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து வாருங்கள்.